பாண்டு போட்ட கம்பெனிலேர்ந்து வெளிய வர்றவங்களுக்கு

பாண்டுன்னா, இத்தனை வருஷம் இங்கதான் வேலை பாப்பேன், நடுவுல போனா இவ்ளோ காசு கட்டுவேன்னு எழுதிக் குடுக்கற ஒப்பந்தம். காலேஜ் ஜூனியர் பசங்ககிட்டேர்ந்து எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி இதான். "அக்கா, ரெண்டு வருஷ பாண்டு, 2 லட்சம்னு எழுதி வாங்கியிருக்காங்க, நடுவுல விட்டுட்டு போனா போலீஸ் கேஸ் ஆயிடுமா?" ஆகாது. இது சிவில் மேட்டர். உன்னை கட்டாயப்படுத்தி அங்கயே வேலை பாக்க வைக்கவும் எந்த கோர்ட்டும் ஆர்டர் போடாது. அவங்க கேக்க முடிஞ்சது காசு மட்டும்தான். எவ்ளோ காசுங்கறதுலதான் விஷயமே இருக்கு.

நான் முதல்ல சேர்ந்தது பெருங்குடி பக்கம் ஒரு நடுத்தர சைஸ் சர்வீஸ் கம்பெனி. பேரு வேணாம். மூணு மாசம் ட்ரெய்னிங்னு சொன்னாங்க, ஸ்டாம்ப் பேப்பர்ல அக்ரிமென்ட், அப்பா ஷ்யூரிட்டி (ஜாமீன்) கையெழுத்து, தேதி போடாத செக் ஒண்ணு, எல்லாம் வாங்கிட்டாங்க. ட்ரெய்னிங்னா என்னன்னு நினைக்கிறீங்க, ப்ராஜெக்ட் இல்லாம பெஞ்ச்ல இருந்த ஒரு சீனியர் அண்ணன் ப்ரொஜெக்டர்ல வீடியோ போட்டு விட்டுட்டு அவர் பாட்டுக்கு இன்டர்வியூக்கு படிச்சிட்டு இருப்பாரு, ரெண்டாவது மாசமே எங்களை ப்ராஜெக்ட்ல தூக்கி போட்டு டிக்கெட் (கிளையன்ட் அனுப்புற கம்ப்ளெய்ன்ட்) பாக்க விட்டுட்டாங்க, வேலை நேரக் கணக்கு எழுதுற டைம்ஷீட்ல பில்லபிள்னு, அதாவது கிளையன்ட்கிட்ட காசு வாங்கற நேரம்னு, ஏத்தியும் ஆச்சு. கிளையன்ட்கிட்ட எங்க பேர்ல காசு வாங்கிட்டு இருந்த மாசத்துக்கும் சேர்த்துதான் பின்னாடி எங்ககிட்டயே "ட்ரெய்னிங் செலவு" கேட்டாங்க.

பாண்டு முடிய கொஞ்ச மாசம் இருக்கும்போது வேற ஆஃபர் வந்துச்சு, ரிசைன் பண்ணேன். எச்ஆர் ஒரே வரில பதில், 2 லட்சம் பிளஸ் 18% ஜிஎஸ்டி, ஆக 2,36,000 கட்டினா ரிலீவிங் லெட்டர். ஜிஎஸ்டியாம்! 2022 ஆகஸ்ட்லயே மத்திய அரசு வரித்துறை சர்க்குலர் போட்டாச்சு, 178-ஆம் நம்பர், பாண்டு காலம் முடியறதுக்கு முன்னாடி போற ஊழியர்கிட்ட வாங்குற தொகைக்கு ஜிஎஸ்டி கிடையாதுன்னு. அதை அட்டாச் பண்ணி மெயில் போட்டேன், 36,000 அன்னிக்கே காணாம போச்சு. கூடவே இன்னொண்ணும் கேட்டேன்: எனக்காக உண்மையா எவ்ளோ செலவு பண்ணீங்க, எதுக்கு எவ்ளோன்னு பிரேக்அப் குடுங்க.

ஒரு எக்ஸெல் ஷீட் வந்துச்சு. ட்ரெய்னர் ஃபீஸ் 60,000. இன்ஃப்ரா 45,000 (ஏசி, கரண்ட், சேர் எல்லாம் போல). ரிக்ரூட்மென்ட் 29,000. ட்ரெய்னிங் கால சம்பளம் 66,000. கூட்டிப் பாருங்க, கரெக்டா 2,00,000 வரும். நெஜமா செலவு பண்ண கணக்கு இப்படி ஒரு ரூபா பிசகாம ரவுண்டா வந்து நிக்குமா? மொத தொகைய எழுதிட்டு மேல வரிசைய நிரப்பியிருக்காங்க.

இந்த பிரேக்அப் ஏன் முக்கியம்னா, இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 74. ஒப்பந்தத்துல ஒரு தொகை எழுதியிருந்தா அது உச்சவரம்பு, அவ்ளோதான். அதுக்குள்ள நியாயமான இழப்பீடு எவ்ளோன்னு கோர்ட் பாக்கும். 2011ல டெல்லி ஹைகோர்ட் வரைக்கும் போன ஒரு கேஸ் இருக்கு, மூணு வருஷ பாண்டு, 2 லட்சம், அந்த ஊழியர் ரெண்டு வருஷம் வேலை பாத்துட்டு கிளம்பிட்டாரு. கம்பெனி செலவுன்னு காட்டினது 67,596 ரூபா. ரெண்டு வருஷம் உழைச்சிட்டாரேன்னு மூணுல ஒரு பங்கு, 22,532 மட்டும் குடுன்னு சொன்னாங்க.

ஆனா இதை மட்டும் படிச்சிட்டு பாண்டெல்லாம் செல்லாதுன்னு யூட்யூப்ல சொல்றவன் பேச்சை நம்பி கிளம்பிடாதீங்க. 2025 மே மாசம் விஜயா பேங்க் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் பாண்டு செல்லும்னே சொல்லிடுச்சு. மூணு வருஷம் முடியாம ஐடிபிஐக்கு போன ஒரு சீனியர் மேனேஜர் 2 லட்சத்தை ஆட்சேபத்தோட கட்டிட்டு திரும்பக் கேட்டாரு, கர்நாடகா ஹைகோர்ட்ல ஜெயிச்சும் கடைசில தோத்துட்டாரு. வேலைல இருக்கற காலத்துக்கு கட்டுப்பாடு போட்டா அது பிரிவு 27ல (ஒருத்தர் தொழில் பண்றதை தடுக்கற ஒப்பந்தம் செல்லாதுன்னு சொல்ற பிரிவு) வராதுன்னும், பொதுத்துறை பேங்க் விளம்பரம் குடுத்து பரீட்சை வச்சு ஆள் எடுக்கணும், அந்த செலவு பெருசு, அந்தப் பதவி சம்பளத்துக்கு 2 லட்சம் தாங்க முடியாத தொகை இல்லன்னும் காரணம் சொன்னாங்க. 22,000 சம்பளத்துல இருக்கற ஃப்ரெஷருக்கு அதே கணக்கு பொருந்துமான்னா என்னை கேட்டா பொருந்தாது, ஆனா கோர்ட்ல அதை வாதாடி நிரூபிக்க நமக்கு நேரமும் காசும் வேணும்ல.

அதனால பேரம்தான். நெஜமாவே உன்னை வெளிநாடு அனுப்பி கத்துக் குடுத்திருந்தா, காஸ்ட்லி சர்டிஃபிகேஷனுக்கு பணம் கட்டியிருந்தா, மிச்ச காலத்துக்கு உண்டானதை குடுத்துட்டு போறதுதான் முறை. நான் ட்ரெய்னர் ஃபீஸ்ல மட்டும் மிச்ச மாசத்துக்கான பங்கு தர்றேன்னு சொன்னேன், டைம்ஷீட் விஷயத்தையும் அதே மெயில்ல எழுதினேன்.

அப்புறம்தான் கம்பெனிலேர்ந்து என் அப்பாவுக்கு போன் போட்டாங்க. எங்கப்பா விருதுநகர்ல மளிகைக்கடை வச்சிருக்காரு, கடைல கூட்டமா இருக்கற சாயங்கால நேரம், "சார் உங்க மேல லீகல் நோட்டீஸ் வரும்"னு ஒரு பொண்ணு இங்கிலீஷும் தமிழுமா பேசிட்டு வச்சிடுச்சு. அப்பா எனக்கு கூப்பிட்டு, "கையெழுத்து போட்டது நாந்தானம்மா, குடுத்துருவோம், சீட்டு எடுத்துக்கலாம்"னாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. ஷ்யூரிட்டி வாங்குறதே இதுக்குத்தான், கடன் வசூலுக்கு இல்ல, வீட்டுல பயமுறுத்தி நம்மள உக்கார வைக்க. இனிமே பேசுறதெல்லாம் எழுத்துல, என்கிட்ட மட்டும்னு எச்ஆருக்கும் அவங்க மேனேஜருக்கும் மெயில் போட்டப்புறம் போன் நின்னுச்சு. கடைசில 25,000க்கு முடிஞ்சுது, ஃபுல் அண்ட் ஃபைனல்ல (கடைசியா தர்ற சம்பளக் கணக்குல) கழிச்சிக்கிட்டாங்க.

சொல்லாம கொள்ளாம மட்டும் ஓடிடாதீங்க. அடுத்த கம்பெனி பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல அப்ஸ்காண்டிங்னு (சொல்லாம ஓடிட்டாங்கன்னு) வந்தா அது 2 லட்சத்தை விட காஸ்ட்லி. பிஎஃப் பத்தி பயம் வேணாம், பாண்டுக்காக அதுல கை வைக்க முடியாது, எக்ஸிட் தேதி அவங்க போடலன்னா ரெண்டு மாசம் கழிச்சு போர்ட்டல்ல நீங்களே போட்டுக்கலாம். ஒரிஜினல் சர்டிஃபிகேட் கேட்டா எந்தக் கம்பெனிக்கும் குடுக்காதீங்க, பாத்துட்டு திருப்பிக் குடுங்கன்னு சொல்லுங்க.

செக் குடுத்திருந்தா அதுதான் நெஜமான தலைவலி. தேதி எழுதி பேங்க்ல போட்டு ரிட்டர்ன் ஆனா நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டம் (செக் பவுன்ஸ் கேஸுக்கான சட்டம்) பிரிவு 138, அது கிரிமினல் கேஸ், ஸ்டாப் பேமென்ட் போட்டு வச்சாலும் 138 வரும். அந்தக் கடனே இல்லன்னு வாதாடலாம்தான், ஆனா அதுக்கு கோர்ட்டுக்கு அலையணும். அதனால செட்டில்மென்ட் மெயில்லயே செக் நம்பரை எழுதி, திருப்பித் தர்றோம்னு அவங்க வாயால வாங்கிடுங்க, ரிலீவிங் லெட்டர் வாங்கப் போற அன்னிக்கு அந்த செக்கையும் கையோட வாங்கி அங்கயே கிழிச்சிடுங்க.