வீட்டுப் பழைய படங்களை ஸ்கேன் செய்யும் நாள்: நடத்திப் பார்த்ததில் தெரிந்தவை

"வீட்டில் இருக்கும் பழைய புகைப்படம், கடிதம், பத்திரம் எல்லாம் கொண்டு வாருங்கள், ஸ்கேன் செய்து உங்கள் கையிலேயே திருப்பித் தருகிறோம்" என்று ஒரு உள்ளூர் வரலாற்றுக் குழு அறிவிக்க முடிவெடுத்ததும், குழுவுக்குள் எழும் முதல் கேள்வி எந்த ஸ்கேனர் வாங்குவது என்பதுதான். இப்படிப்பட்ட நாள்களைத் தொடர்ந்து நடத்திவரும் எங்கள் கணக்கில் ஸ்கேனர் கடைசி. படத்துக்கு உரியவர் எதிரே உட்கார்ந்து பேசுகிற மேசைதான் முதல். படத்தை அடுத்த வருஷம்கூட ஸ்கேன் செய்துகொள்ளலாம். இரண்டாம் வரிசையில் மூன்றாவதாக நிற்பவர் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர் அடுத்த வருஷமும் வருவார் என்பதற்கு உறுதி கிடையாது.

ஆள் பிரிக்கும்போதே இதை மனதில் வைக்க வேண்டும். பழகிய கைக்கு, முன்னும் பின்னும் ஸ்கேன் செய்ய ஒரு படத்துக்கு 2 நிமிடம். இரண்டு ஸ்கேனரில் மணிக்கு 60 படம். பேச்சு மேசையில் ஒரு குடும்பத்துக்கு அரை மணி, குடும்பத்துக்கு 10 படம் என்று வைத்தால், அந்த 60 படத்துக்கு மூன்று பேச்சு மேசை வேண்டும். ஸ்கேனருக்கு இருவர், பேச்சுக்கு மூவர், வரவேற்றுப் பதிவு செய்ய ஒருவர், கிளம்பும்போது எண்ணிச் சரிபார்த்துக் கொடுக்க ஒருவர். நேரம் போட்ட டோக்கனை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். பத்துக்கு மேல் கொண்டுவந்தவரிடம் மீதியை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லலாம். வரம்பே இல்லாவிட்டால் ஒருவருடைய பெட்டி முழுவதும் ஸ்கேனரில் ஓடிக்கொண்டிருக்க, ஒரே ஒரு படத்தோடு வந்தவர் காத்திருந்து திரும்பிப் போவார். பெரும்பாலும் அந்த ஒற்றைப் படம்தான் வேறெங்கும் கிடைக்காததாக இருக்கும்.

ஸ்கேனருக்குப் போகும் முன் இரண்டு காரியம் முடிந்திருக்க வேண்டும்: எண், கையெழுத்து.

எண் எளிமையாக இருக்கட்டும். வருஷம், குடும்பம், பொருள்: 2025-014-003. முன்பக்கத்துக்குக் கடைசியில் 1, பின்பக்கத்துக்கு 2. கோப்புப் பெயரும் இதுவே. முன்னால் பூஜ்யம் போடாவிட்டால் கணினி 10-ஐ 2-க்கு முன்னால் அடுக்கும். பிறகு படமும் குறிப்பும் ஒன்றுக்கொன்று மாறிப்போகும். எண்ணை அசலின் மேல் எழுதக் கூடாது. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஒவ்வொரு படத்தையும் அந்தச் சீட்டோடு தனிக் காகித உறையில் போட்டு அனுப்புங்கள்.

ஒப்புதல் படிவத்தில் மூன்று கேள்விகள் தனித்தனியாக இருக்க வேண்டும்: காப்பகத்தில் வைக்கலாமா, கண்காட்சியில் வைக்கலாமா, இணையத்தில் போடலாமா. ஒரே கேள்வியாக வைத்தால், இணையம் வேண்டாம் என்று நினைப்பவர் எல்லாவற்றுக்கும் சேர்த்தே மறுத்துவிடுவார். படம் ஒருவர் கையில் இருப்பதால் அதன் பதிப்புரிமையும் அவருடையது ஆகிவிடாது. எடுத்தவருக்கோ ஸ்டூடியோவுக்கோ அது இருக்கலாம். எனவே பின்பக்கத்தில் இருக்கும் ஸ்டூடியோ முத்திரையையும் படிவத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கே "அசலையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது தந்தால் வாங்காதீர்கள். நன்கொடைக்குத் தனிப் பத்திரம் வேண்டும், வீட்டில் மற்றவர்களின் சம்மதமும் வேண்டும். கூட்ட நெரிசலில் ரசீது இல்லாமல் வாங்கிய பொருள் பின்னால் மனத்தாங்கலில்தான் கொண்டுபோய் விடும்.

இனி பேச்சு மேசை. "இது யாரு?" என்று பொதுவாகக் கேட்டால் "எங்க தாத்தா" என்று பதில் வரும், எழுதிய மறுநாளே அந்தப் பதிலால் பயனில்லை. பின்வரிசையிலிருந்து தொடங்கி, இடமிருந்து வலமாக, ஒவ்வொருவரையும் விரலால் காட்டிக் கேட்க வேண்டும். தெரியாதவர் இருக்கும் இடத்தில் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள். விட்டுவிட்டால் வரிசை ஒன்று நகர்ந்து எல்லாப் பெயரும் தவறாகிவிடும். பெண்கள் பல படங்களில் "இன்னாரின் மனைவி" என்றே அடையாளம் சொல்லப்படுவார்கள். "அவங்க பேரு என்ன?" என்று இன்னொரு தடவை கேளுங்கள். பெயர், பிறந்த வீடு, கூப்பிடும் பெயர் மூன்றையும் எழுதுங்கள். எங்கள் பதிவேடுகளில் இந்த ஒரு கேள்வி சேர்த்துக் கொடுத்த பெயர்கள் வேறெந்த வழியிலும் வந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வோம்.

தேதி விஷயத்தில், தேதி எப்படித் தெரியும் என்பதையும் எழுதியாக வேண்டும். "1962, பின்பக்க முத்திரை" என்பது ஒரு வகை. "1962 வாக்கில், மடியில் இருக்கும் பிள்ளை பிறந்த மறுவருஷம் என்கிறார்" என்பது இன்னொரு வகை. வெறும் 1962 என்று இரண்டையும் எழுதிவிட்டால் பிறகு பிரித்தறிய வழியில்லை. பேசுவதை அனுமதி கேட்டு ஒலிப்பதிவும் செய்யுங்கள். ரெக்கார்டர் இருந்தால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு; இல்லையென்றால் போன் போதும். தொடங்கும்போது எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பேச்சை ஆரம்பித்தால், எந்தப் பதிவு எந்தப் படத்துக்கு என்று பின்னால் தேட வேண்டியதில்லை.

பொருளைக் கையாள்வதில் செய்யக் கூடாதவைதான் அதிகம். காகிதத்துக்குக் கழுவித் துடைத்த வெறுங்கை போதும். துணிக் கையுறையில் விரலுக்குத் தொடு உணர்வு குறைந்து, நைந்த ஓரம் கிழியும். படத்தின் பரப்புக்கும் நெகட்டிவுக்கும் மட்டும் நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை. தூசியை மென்மையான தூரிகையாலோ ரப்பர் ஊதியாலோ தட்டுங்கள். துணியால் தேய்த்தால் கீறும். பழைய செல்லோடேப்பைப் பிரிக்காதீர்கள். சுருண்டு இறுகிய படத்தை நிமிர்த்தினால் மேற்பூச்சு வெடித்துவிடும். சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தை உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். பசை தடவிய அட்டையும் மேலே பிளாஸ்டிக் தாளும் கொண்ட ஆல்பத்தில் படம் எளிதில் வராவிட்டால் பக்கம் முழுவதையும் அப்படியே எடுங்கள். தைத்த கணக்கு நோட்டை ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு பிளக்கும். அதற்கு மேலிருந்து பார்க்கும் கேமராவும், இருபுறமும் 45 பாகையில் இரண்டு விளக்கும் வேண்டும்.

பூசணம் பிடித்த கட்டு வந்தால் அரங்குக்குள் பிரிக்கவே கூடாது. பாலித்தீன் பையில் போட்டு மூடித் தனியே வையுங்கள். நெகட்டிவில் வினிகர் வாடை அடித்தால் அது அசிடேட் படலம் சிதைவதன் அடையாளம். அதிலிருந்து வரும் அமில ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய படலம் என்றால் நைட்ரேட்டாக, அதாவது எளிதில் தீப்பற்றும் பழைய வகையாக, இருக்க வாய்ப்புண்டு. ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாமல், மஞ்சளித்து ஒட்டும் பதத்தில் இருந்தால் ஸ்கேனருக்குக் கொண்டுபோக வேண்டாம். நைட்ரேட் தீப்பிடித்தால் காற்று இல்லாமலே எரியும். குளிர்ந்த இடத்தில் தனியாக வைத்துவிட்டு, காப்பகத் துறையில் இருப்பவர்களைக் கூப்பிடுங்கள்.

ஸ்கேனர் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சமதளக் கண்ணாடி ஸ்கேனர் மட்டும்; தாளை உள்ளே இழுக்கும் வகை வேண்டாம். படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), பாஸ்போர்ட் அளவுக்கும் அதைவிடச் சிறியதற்கும் 1200, 35 மி.மீ. நெகட்டிவுக்கு 3000, கடிதத்துக்கு 400. கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே எடுங்கள். பழுப்பும் கறையும் மையின் நிறமும்கூடத் தகவல்தான். 4×6 அங்குலப் படம் 600 டிபிஐ, 24 பிட் வண்ணத்தில் 2400×3600 புள்ளிகள், சுருக்காத டிஃப் கோப்பாகச் சுமார் 26 எம்பி. மென்பொருள் தானாகச் செய்யும் தூசி நீக்கம், கூர்மை, நிற மீட்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். தூசி நீக்கம் என்ற பெயரில் மூக்குத்தி காணாமல் போகும். நான்கு ஓரமும் தெரியும்படி சிறிது இடம் விட்டு எடுங்கள்.

குடும்பத்துக்கான ஜேபெக் பிரதியை அன்றே புதிய பென் டிரைவில் கொடுத்தனுப்புங்கள். அவர்கள் கொண்டுவரும் டிரைவைக் குழுவின் கணினியில் செருக வேண்டாம், வைரஸ் வரும். கூடவே ஒரு பக்கத் துண்டறிக்கையும் கொடுங்கள்: பிவிசி உறையைத் தவிர்த்துப் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறை, பரணிலும் ஈரச் சுவரை ஒட்டியும் வைக்காமல் வீட்டின் நடு அறை, படத்தின் பின்னால் எழுதுவதென்றால் மென் பென்சிலால், ஓரமாக, கடினமான தளத்தின் மேல் வைத்து.

இரவு வீட்டுக்குப் போகும் முன் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு கட்டடத்தில். நகலெடுத்ததும் செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டுப் பாருங்கள். கோப்புப் பெயர் தெரிவதால் மட்டும் கோப்பு நல்லபடி இருக்கிறது என்று ஆகாது. படிவங்களை எக்செலில் ஏற்றும்போது தேதி, எண் பத்திகளை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 1948-03 என்பதை அது தன் இஷ்டத்துக்கு வேறு வடிவில் மாற்றிவிடும். அட்டவணையை வெறும் எழுத்தாக வைக்கும் சிஎஸ்வி கோப்பை, எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யுடிஎஃப்-8 குறியீட்டில் சேமிக்காவிட்டால் தமிழ்ப் பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும்.

சில மாதம் கழித்து, அடையாளம் தெரியாத படங்களை மட்டும் பெரிதாக அச்சிட்டு, தலைக்கு மேல் எண் போட்டு, ஊர் வந்து பார்க்கும்படி மாட்டுங்கள். நகல்தான், அசல் அல்ல. ஒவ்வொன்றின் கீழும் ஒரு தாளும் நூலில் கட்டிய பென்சிலும் இருக்கட்டும். ஒரே முகத்துக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் எழுதுவார்கள். குழுவில் யாருக்காவது ஒன்று சரியென்று தோன்றினாலும் மற்றதை அடிக்கக் கூடாது. சொன்னவர் பெயர், தேதி, அவருக்கு அது எப்படித் தெரியும் என்பதோடு இரண்டையும் பதிவேட்டில் ஏற்றுங்கள்.