பாஸ் லேபிளை அட்டையிலிருந்து பிரித்தாயிற்று

வந்துவிட்டது! 'பாஸ் பேல் ஏல்' என்ற ஆங்கிலேய பீர் பாட்டிலின் நீள்வட்ட லேபிள், பழைய ஆல்பத்தின் அட்டையை விட்டு முழுசாக வந்துவிட்டது. அந்த பீரின் சின்னமான சிவப்பு முக்கோணம் சாயம் விடவில்லை. அதைவிட முக்கியம், கீழ் ஓரம் கிழியவில்லை.

கீழ் ஓரத்துக்கு ஏன் இவ்வளவு அலட்டல் என்றால், இங்கிலாந்தின் பர்ட்டன் அபான் டிரென்ட் ஊரில் வில்லியம் பாஸ் 1777-இல் தொடங்கிய ஆலை, பீரைப் பெரும்பாலும் பீப்பாயில்தான் வெளியே அனுப்பியது. ஊருக்கு ஊர் இருந்த வியாபாரிகள் அதை வாங்கி பாட்டிலில் அடைத்து விற்றார்கள். லேபிளில் அவர்கள் பெயரும் இருக்கும். முக்கோணம் எல்லா பேல் ஏல் லேபிளிலும் ஒன்றுதான்; அடைத்தவர் பெயர்தான் மாறும். நான் சேர்ப்பது அந்தப் பெயர்களை. இந்த லேபிளில் அது அடி ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது, பசையும் அங்கேதான் அப்பிக் கிடந்தது.

ஒட்டிய மகராசன் வஜ்ஜிரத்தை, அதாவது தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசையை, காய்ச்சி ஊற்றியிருக்கிறார். சாதாரணமாக இதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விட்டால் போதும். ஆனால் ஈரப் பஞ்சை முக்கோணத்தின் மூலையில் ஒற்றிப் பார்த்தபோது லேசாக ரோஸ் ஏறியது. ஆக, குளியல் கிடையாது.

அதனால் பின்பக்கமாகப் போனேன். லேபிளைக் குப்புறப் போட்டு, அட்டையைப் பின்னாலிருந்து ஏடு ஏடாக உரித்து, கடைசி ஏடு மட்டும் மிஞ்சும்படி விட்டேன். அதன்மேல் மெத்தில் செல்லுலோஸ் என்ற பொடியைத் தண்ணீரில் கரைத்த கூழ், இட்லி மாவைவிடக் கெட்டியாக. கூழ் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். வஜ்ஜிரம் ஊறி இளகும். ஈரம் முன்பக்க மைக்கு வந்து சேர்வதற்குள் வேலையை முடித்துவிடலாம். மேலே பிளாஸ்டிக் தாள் மூடாவிட்டால் கூழ் காய்ந்து எல்லாம் வீண்.

எப்போது சுரண்டுவது என்பதில்தான் சூட்சுமம். சீக்கிரம் தொட்டால் லேபிளின் நாரும் சேர்ந்து வரும். தாமதித்தால் ஈரம் மறுபக்கம் இறங்கிவிடும். கடிகாரத்தை நம்ப வேண்டாம், பசையைப் பாருங்கள். கண்ணாடி போன்ற மினுமினுப்பு போய் மங்கி, விரல் வைத்தால் வழுக்க வேண்டும். அப்போது ஸ்பேச்சுலாவைப் படுக்கவைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ள வேண்டும். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் முனை சிக்கிக் கிழிந்துவிடும். அடி ஓரத்துக்கு மட்டும் மறுபடி மறுபடி மெல்லிய பூச்சு, ஒவ்வொரு முறையும் ஒரு நகக்கீற்று அளவு. பொறுமை இல்லாதவர்கள் தபால்தலை சேர்க்கப் போகலாம்.

கூழுக்கு வால்பேப்பர் பசை வாங்காதீர்கள். பலவற்றில் பூஞ்சைக்கொல்லியும் வேறு சரக்கும் கலந்திருக்கும். புத்தகம் கட்டுபவர்களுக்கு விற்கும் கடைகளில் சுத்தமான பொடி கிடைக்கிறது. அங்கேயே மை ஒற்றும் தாளும் தடிமனானதாகப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

நேரத்தோடு சொல்லிவிடுகிறேன்: பாஸ் முக்கோணம் போட்ட மதுக்கூட முகம்பார்க்கும் கண்ணாடிகளை 'விக்டோரியா காலத்து அசல்' என்று விற்பவர்களிடம் ஜாக்கிரதை. அப்படி வருவதில் பாதிக்கு மேல் 1970-களின் நகல் என்பது என் கணிப்பு. அந்த விளம்பரங்களில் இரண்டு வரி தவறாமல் இருக்கும்: 1876 ஜனவரி 1 அன்று பதிவான பிரிட்டனின் முதல் வணிகச் சின்னம், பிரெஞ்சு ஓவியர் மானே 1882-இல் வரைந்த மதுக்கூட ஓவியத்தில் இருக்கும் பாட்டில். இரண்டுமே உண்மைதான். அதனால் அந்தக் கண்ணாடி பழசாகிவிடாது!

எனக்கு இதைவிடப் பிடித்தது லண்டன் செயின்ட் பான்கிராஸ் ரயில் நிலையம். 1868-இல் திறந்த அந்த நிலையத்தின் அடித்தளத்தில் தூண்களின் இடைவெளியையே அங்கே அடுக்கிவைக்கும் பர்ட்டன் பீர் பீப்பாயின் அளவை வைத்துத்தான் போட்டார்கள். இன்று பாரிஸ் ரயிலுக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் நடப்பது அந்தத் தூண்களுக்கு நடுவேதான். பர்ட்டனில் 1977-இல் திறந்த பாஸ் மியூசியம் பின்னால் பெயர் மாறி, 2022-இல் மூடப்பட்டுவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க அசல் லேபிள் வேண்டுமென்றால் இப்போது அலைச்சல்தான்.

லேபிள் இப்போது ஒற்றுத் தாள்களுக்கு நடுவே, முகப்பில் கேக் சுடும்போது போடும் பேக்கிங் தாள் வைத்து, எடைக்குக் கீழே கிடக்கிறது. முதலில் லேசான எடை, ஈரம் குறைந்த பிறகுதான் கனமானது. காய்ந்து வெளியே வருவதற்கு முன்பே மனசு 1902-க்குத் தாவிவிட்டது. ஏழாம் எட்வர்டு பர்ட்டனுக்கு வந்து தன் கையால் தொடங்கிவைத்த 'கிங்ஸ் ஏல்' பாட்டில் ஒன்று வாங்க வேண்டும். கார்க் இறங்காமல், கழுத்து வரை பீர் நிற்பதாகக் கிடைத்தால்தான். பாதி ஆவியானதை விலை குறைவு என்று தலையில் கட்டப் பார்க்கிறார்கள், வேண்டாம். அதற்கு முன்னால் ஆல்பத்தின் அடுத்த பக்கத்தில் முக்கோணத்துக்குப் பதில் சிவப்பு டைமண்ட் போட்ட பாஸ் லேபிள் ஒன்று இருக்கிறது. அங்கே பசை வஜ்ஜிரம் மாதிரி தெரியவில்லை. பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசையாக இருந்தால் வெறும் கூழுக்கு மசியாது, சோடா உப்பு சேர்க்க வேண்டிவரும். சிவப்பு மை அந்த உப்பைத் தாங்குமா என்று முதலில் ஒரு கிழிந்த லேபிளில் பார்க்கப்போகிறேன்.