பந்து கையில் இல்லாத நேரம்

கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் படித்தவர்களுக்குச் சாயங்காலக் கூடைப்பந்து சிமென்ட் கோர்ட் நன்றாகத் தெரியும். சில்வர் பீச்சிலிருந்து காற்று வரும், காற்றோடு மணலும் வரும். பந்தை எடுப்பதற்கு முன் துடைப்பத்தை எடு என்பதுதான் பி.டி. சார் சொல்லும் முதல் பாடம். மெல்லிய மணல் படிந்த தரையில் ஓடிவந்து சட்டென்று நின்றால் ஷூ வழுக்கும், கணுக்கால் மடங்கும். அந்தக் கோர்ட்டில் கற்றுக்கொடுத்தவை இன்றைக்கும் செல்லும். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் பிள்ளைகளைக் கூடைப்பந்துக்கு அனுப்பும் நம் ஊர்ச் சங்கத்தார் "இந்த உயரம் போதுமா?" என்றே முதலில் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

உயரம் உதவும்தான், பந்து விழ வேண்டிய ரிங் 3.05 மீட்டரில் இருக்கிறது. ஆனால் 1.60 மீட்டர் உயரமுள்ள மக்ஸி போக்ஸ் 1987 முதல் 2001 வரை அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் ஆடியிருக்கிறார்.

ஒரு மேட்ச் 40 நிமிடம். நம் காலத்தில் 20 நிமிடமாக இரண்டு பாதி. 2000க்குப் பிறகு 10 நிமிடமாக நான்கு பகுதி. கோர்ட்டில் பத்துப் பேர், பந்து ஒன்று. கணக்குப் போட்டால் ஒருவர் கையில் சராசரியாக 4 நிமிடம்கூடப் பந்து இருக்காது. மீதி 36 நிமிடம் அவர் என்ன செய்கிறார் என்பதை வைத்துத்தான் பெரிய ஆட்டக்காரரை எடைபோட வேண்டும்.

டிஃபென்ஸில், அதாவது தடுத்து நிற்கும்போது, எதிராளியின் இடுப்பைப் பார்க்க வேண்டும். பந்தும் தலையும் தோளும் ஏமாற்றும். இடுப்பு போகிற பக்கம்தான் ஆள் போவார். ஒரு கை தூரம் விட்டு, முழங்கால் மடக்கி, பக்கவாட்டில் சறுக்கி நகர வேண்டும். கால்கள் ஒன்றையொன்று குறுக்கே கடந்தால் அந்த நொடியில் திசை மாற்ற முடியாது, எதிராளி தாண்டிவிடுவார். பின்னால் ஸ்க்ரீன் (வழிமறித்து நிற்க எதிரணி ஆள்) வருவதைக் கூட்டாளிக்குக் குரல் கொடுத்துச் சொல்வதும் டிஃபென்ஸ்தான். வாய் திறக்காத டீம் தோற்கும்.

ஷாட் பறந்ததும் எல்லோர் கண்ணும் பந்தின் பின்னால் போகும். அங்கேதான் ரீபவுண்ட், அதாவது தவறித் திரும்பும் பந்து, பறிபோகிறது. முதலில் உங்கள் ஆளைத் தேடுங்கள். அவர் வரும் வழியில் ஒரு காலை வைத்து, அந்தக் காலிலேயே திரும்பி, இடுப்பைத் தாழ்த்தி அவரை முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள். அதற்கப்புறம் பந்தைப் பாருங்கள். பின்னுக்குத் தள்ளினால் ஃபவுல்; ஐந்தாவது ஃபவுலோடு வெளியேற வேண்டியதுதான். பக்கவாட்டிலிருந்து அடித்துத் தவறும் ஷாட் பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான் விழும். அங்கே முன்கூட்டியே போய் நிற்பவருக்கு அதிகம் குதிக்கவே வேண்டியதில்லை.

ஷூட்டிங்குக்கு வருகிறேன். ரிங்கின் உள்விட்டம் 45 செ.மீ., பந்தின் விட்டம் ஏறக்குறைய 24. நேர் மேலிருந்து விழும் பந்துக்கு முழு 45-ம் திறந்திருக்கும். பந்து சரிந்து வரவர அந்த வாய் குறுகும். சுமார் 33 பாகைக்குக் கீழே வந்தால் விளிம்பில் படாமல் நுழைய இடமே இல்லை. அதனால்தான் "வளைச்சுப் போடு" என்று கத்துகிறார்கள். வலது கைக்காரருக்கு வலது பாதம் அரை அடி முன்னே. பந்து விரல்களின் சதையில் நிற்க வேண்டும். உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். முழங்கை பந்துக்கு நேர் கீழே. பந்து பக்கவாட்டில் விலகினால் முழங்கை வெளியே போயிருக்கும், இல்லையென்றால் தாங்கும் கையின் கட்டைவிரல் தள்ளியிருக்கும். கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லா ஷாட்டும் முன்விளிம்பில் அடித்தால் கையைத் திருத்திப் பயனில்லை, கால்தான் ஓய்ந்திருக்கிறது. முழங்காலை மடக்கச் சொல்லுங்கள்.

12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு 5ஆம் நம்பர் பந்தும் 2.60 மீட்டர் ரிங்கும் கொடுங்கள். 600 கிராம் எடையுள்ள 7ஆம் நம்பர் பந்தைத் தூக்கிப்போட அது தோளிலிருந்து எறியக் கற்றுக்கொள்ளும். அந்தப் பழக்கத்தை மாற்றுவதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ரிங்குக்கு ஒரு மீட்டர் முன்னால், ஒரே கையால் தொடங்கட்டும். விளிம்பில் படாமல் பத்து விழுந்தபின் ஓர் அடி பின்னே நகரட்டும்.

காற்றடிக்கும் திறந்த கோர்ட்டில் ரிங்குக்குப் பின்னால் உள்ள போர்டை நம்புவது நல்லது. போர்டுக்கு 45 பாகைச் சாய்வில் பக்கத்திலிருந்து, போர்டில் வரைந்த கட்டத்தில் நம் பக்கத்து மேல்மூலையைக் குறிபார்த்தால் பந்து உள்ளே இறங்கும்.

ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவை ஓய்வாக நின்று நூறு முறை போடுவதால் மேட்சுக்கு அதிகம் பயனில்லை. கோடு போர்டிலிருந்து 4.60 மீட்டர், ரெஃப்ரி பந்தைத் தந்தபின் 5 வினாடிதான் நேரம். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதுதான் அங்கே நிற்க நேரும். ஆகவே கோர்ட்டின் 28 மீட்டர் நீளத்தை இரண்டு முறை முழு வேகத்தில் ஓடிவிட்டு இரண்டே இரண்டு போடுங்கள். தவறினால் மறுபடி ஓட்டம்.