ரீகனின் தபால் திணைக்களமும் படுவான்கரைத் தபால் பையும்

பிரிந்துபோன அரசுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் தலைவரோடும் தளபதிகளோடும் நின்றுவிடுவார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தெற்கு மாநிலங்கள் என்றால், அவற்றின் ஜனாதிபதி ஜெபர்சன் டேவிஸ், தளபதி ரொபர்ட் லீ, அவ்வளவுதான். நான் தபால் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். சேவைக் காலத்தில் பெரும்பகுதி மட்டக்களப்பின் படுவான்கரையில்தான் போனது. அதனாலோ என்னவோ, அந்தத் தெற்கு அரசில் என் மனதில் நிற்கிற ஆள் அதன் தபால் மா அதிபர் ஜோன் ரீகன்.

முத்திரை சேர்க்கிற பழக்கம்தான் என்னை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1861 ஒக்டோபரில் அவர்கள் வெளியிட்ட முதல் முத்திரை பச்சை நிறம், ஐந்து சதம், அதில் பதவியில் இருக்கிற டேவிஸின் முகம். தபால் சேவையை அவர்கள் பொறுப்பேற்றதோ அந்த வருடம் ஜூன் 1. அப்படியென்றால் ஒக்டோபர் வரை முத்திரை இல்லாமல் எப்படிச் சமாளித்தார்கள் என்று எனக்கு ஒரே யோசனை. தேடிப் பார்த்தால், அந்தந்த ஊர்த் தபாலதிபர் தானே அச்சடித்திருக்கிறார், முடியாத இடத்தில் காசை வாங்கிக்கொண்டு உறையில் ‘ஐந்து சதம் செலுத்தப்பட்டது’ என்று கையால் எழுதியிருக்கிறார். தலைவரின் முகம் வந்து சேர முன்னம், நாலு மாதத்துக்கு மேல் அந்த அரசை உறைகளில் தாங்கி நின்றது ஊர்த் தபாலதிபர்களின் கையெழுத்து.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். அந்த அரசு எதற்காகப் பிரிந்தது என்பதில் மழுப்ப ஒன்றும் இல்லை. அவர்களின் துணை ஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ் 1861 மார்ச்சில் சவன்னா நகரில் பேசியபோது, கறுப்பின மக்கள் வெள்ளையருக்குச் சமமில்லை, அடிமை நிலைதான் அவர்களுக்கு இயல்பு, இந்த அரசின் மூலைக்கல்லே அதுதான் என்று வெளிப்படையாகச் சொன்னார். மனிதரைச் சொத்தாக வைத்திருப்பதற்கான அரசு அது. அதன் நியாயத்தை எங்கள் மண்ணின் நியாயத்தோடு தராசில் வைக்க நான் வரவில்லை, அப்படி யாரும் வைத்தால் எனக்குக் கோபம் வரும். நான் பார்ப்பது ஒன்றை மட்டும்தான். போர் நடக்கிற நேரத்தில் புதிதாக ஒரு அரசை நடத்துகிற அரசியல் தலைமை, கருமபீடத்தின் இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் எப்படித் தெரியும்?

ரீகன் அந்தப் பதவியை இரண்டு தடவை மறுத்தவர். சேவை தடுமாறினால் ஊர் முழுக்கத் தன்னைத்தான் திட்டும் என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் தபால் பிந்துவதை அறியாத வீடு கிடையாது. கடைசியில் ஒப்புக்கொண்டதும் அவர் செய்த முதல் வேலை, வாஷிங்டன் தபால் தலைமையகத்தில் இருந்த தெற்கத்திய அலுவலர்களுக்கு ஆள் மூலம் கடிதம் அனுப்பியது. வாருங்கள், வரும்போது படிவங்கள், ஒப்பந்தப் பட்டியல், தபால் பாதை வரைபடம் எல்லாவற்றிலும் ஒவ்வொரு பிரதி கொண்டுவாருங்கள் என்று. பலர் வந்தார்கள். ரயில் கம்பனித் தலைவர்களைக் கூப்பிட்டுப் பேசி, தபால் ஏற்றும் கூலியை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார். அப்புறம் எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது: மே 31 வரை பழைய அரசின் தபாலதிபர்களாகவே இருங்கள், வாஷிங்டனுக்கே கணக்குக் காட்டுங்கள், ஜூன் 1 முதல் எங்களுக்குக் காட்டுங்கள் என்று எழுத்தில் உத்தரவிட்டார். ஏப்ரலிலேயே பீரங்கி வெடித்துவிட்டது, ஆனாலும் மே கடைசி வரை தெற்கின் கடிதங்கள் பழைய அரசின் பையில்தான் போயின.

இதை வாசித்தபோது நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன். அவர்களுக்குச் சில மாதம் நடந்தது எங்களுக்கு வருடக்கணக்காக நடந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இருந்து 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கையில். அவர்களுக்குக் காவல்துறை இருந்தது, நீதிமன்றம் இருந்தது, வரி இருந்தது, கொக்கட்டிச்சோலையில் அரசியல்துறைச் செயலகம் இருந்தது. ஆனால் பள்ளிக்கூட வாத்தியார், ஆஸ்பத்திரித் தாதி, கிராம சேவகர், தபாலதிபர் எல்லாருக்கும் சம்பளம் கொழும்பில் இருந்து. பிச்சைச் சம்பளம், அதாவது ஏழைகளுக்கான அரச உதவிப் பணம், எடுக்க வருகிற கிழவிகளுக்குக் காசும் கொழும்பில் இருந்துதான். ஒரே மேசையில் இரண்டு அரசு. என் கையில் இருந்த திகதி முத்திரை இலங்கை அரசினுடையது, கதவுக்கு வெளியே றோட்டில் நின்ற பொடியன் வேறொரு சட்டத்தின் காவலர்.

வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவில் இராணுவச் சோதனைச் சாவடி. தபால் பை அங்கே திறக்கப்படும். எங்கள் விதிப்படி அரக்கு முத்திரையிட்டுக் கட்டிய பையைத் தபாலதிபரைத் தவிர வேறு யாரும் பிரிக்கக்கூடாது. ஆனால் சாவடியில் நின்று விதி பேச முடியுமா? என் மேலதிகாரி ஒருவர், நல்ல மனிசன், ஒரு வழி சொல்லித்தந்தார். பையை அவர்கள் பிரித்தால், எத்தனை மணிக்குப் பிரிக்கப்பட்டது, உள்ளே எத்தனை பதிவுத் தபால், திரும்பக் கட்டும்போது எத்தனை என்று அந்த இடத்திலேயே ஒரு துண்டில் எழுதி, பையோடேயே கட்டிவிடு. யாரும் கையெழுத்துப் போடத் தேவையில்லை, நீ எழுதுவதை அவர்கள் பார்த்தால் போதும். நான் சைக்கிள் சீட்டில் வைத்துத்தான் எழுதுவேன். வெயிலில் அரக்கு இளகி நூலோடு ஒட்டியிருக்கும், அதைப் பிய்க்கும்போது கன்வஸ் நாரும் சேர்ந்து வரும். அந்தத் துண்டை எழுதத் தொடங்கிய பிறகு பைக்குள் கை விடுகிற விதமே மாறியது. மறுபக்கம் புலிகளின் சாவடியிலும் அதேதான்.

கருமபீடத்துக்கு வருகிறவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. "மகன்ட கடிதம் வந்திருக்கா மனே?" என்று கேட்பார்கள், அவ்வளவுதான். மகன் கட்டாரில் இருப்பார், அல்லது தடுப்பில் இருப்பார், அல்லது எங்கே என்றே தெரியாது. கடதாசித் தட்டுப்பாட்டு நாட்களில் ஒரு அக்கா வந்த உறையையே கவனமாகப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, சோற்றுப் பசை போட்டு ஒட்டி, அதில் முகவரி எழுதிக் கொண்டுவருவார். அதே வேலையை 1860களில் தெற்கில் செய்திருக்கிறார்கள், சுவர்த்தாளிலும் பழைய படிவங்களிலும்கூட உறை மடித்திருக்கிறார்கள். அந்த உறைகளின் படத்தைப் பார்த்தபோது எனக்கு அந்த அக்காவின் கைதான் தெரிந்தது.

சரி, தலைமைக்கு வருவோம். டேவிஸ் முன்பு அமெரிக்காவின் போர்ச் செயலாளராக இருந்தவர், அவருக்கு விருப்பம் தளபதிப் பதவி, கிடைத்தது ஜனாதிபதிப் பதவி. தேர்தல் இருந்தது, காங்கிரஸ் இருந்தது, ஜனாதிபதிக்கு ஆறு வருடப் பதவி, அதுவும் ஒரே ஒரு தடவைதான் என்று அரசியலமைப்பும் இருந்தது. ஆனால் உச்ச நீதிமன்றம் எழுதியபடியே கிடந்தது, கடைசிவரை அமைக்கப்படவில்லை. போர்ச் செயலாளர்கள் ஒருவர் மாறி ஒருவராக வந்து போனார்கள். கட்டாய ஆட்சேர்ப்பை எதிர்த்து ஸ்டீவன்ஸ் மாதக்கணக்காகத் தலைநகருக்கே வராமல் ஜோர்ஜியாவில் தன் வீட்டில் இருந்தார். அவருடைய மாநில ஆளுநர் ஜோசப் பிரவுண், படைக்குப் பிடிக்கக்கூடாது என்றே ஆட்களை மாநிலப் பதவிகளில் போட்டுக்கொண்டிருந்தார். 1863 ஏப்ரல் 2இல் தலைநகர் ரிச்மண்டில் பெண்கள் பாண் கேட்டுக் கடைகளை உடைத்தபோது டேவிஸ் நேரில் வந்து சட்டைப்பையில் இருந்த காசை வீசிவிட்டு, கலையாவிட்டால் சுடச் சொல்வேன் என்றார். இந்தக் களேபரத்துக்குள் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே நாற்காலியில் இருந்தவர்கள் இரண்டே பேர். கடற்படைச் செயலாளர் மலரி, மற்றவர் ரீகன். 1863 ஜூலையில் விக்ஸ்பேர்க் விழுந்து மிசிசிப்பி ஆறு எதிரி கைக்குப் போன பிறகு, நாற்பது சதக் கட்டணத்தில் கடிதங்களை இரவில் ஆற்றைக் கடத்தி அக்கரைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார் அவர். குருமண்வெளித் துறையிலும் அம்பிளாந்துறையிலும் படகுக்குக் காத்து நின்ற எனக்கு அது எப்படிப்பட்ட வேலை என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

எங்கள் பக்கத்தில் அமைப்பு வேறு. அங்கே தேர்தலில் வந்த அரசியல்வாதிகள் தளபதிகளை நியமித்தார்கள். இங்கே படைத்தலைமைதான் தலைமை, அரசியல்துறை அதற்குக் கீழே. 2003 ஒக்டோபர் 31இல் புலிகள் இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைக்கான யோசனையை வைத்தார்கள். அடுத்த மார்ச்சில் அவர்களின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்தார், ஏப்ரலில் வெருகலில் சண்டை. பிறகு மட்டக்களப்பு அம்பாறை அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்த கௌசல்யன் 2005 பெப்ரவரியில் கொல்லப்பட்டார். அரசியல்துறையின் தலைவர் தமிழ்ச்செல்வன் 2007 நவம்பரில் விமானத் தாக்குதலில் இறந்தார். அந்த 2004இன் சில வாரங்கள் எனக்குக் கசப்பானவை. நேற்று வரை ஒரே தலைமையாக இருந்தது இரண்டாகி, ஊரில் ஒரே வீட்டுக்குள்ளேயே ஆளை ஆள் பார்த்துப் பேசப் பயந்தார்கள். கடிதம் எழுதுகிறவர்கள் அனுப்புநர் முகவரி போடுவதை நிறுத்தினார்கள். முகவரி இல்லாத உறை ஆள் இல்லாமல் திரும்பினால் நான் அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பேன்? தலைவர்களின் பிளவு என்று பத்திரிகை எழுதியது எனக்கு அந்த வெறுமையான மூலையாகத்தான் வந்தது. ஒரு தலைமை நல்லதா கெட்டதா என்று அதன் பிரகடனத்தை வைத்து என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது, அதன் ஆளுகைக்குள் இருக்கிற கிழவி தன் பெயரைப் பயமில்லாமல் உறையில் எழுதுகிறாளா என்றுதான் நான் பார்ப்பேன். அந்த வாரங்களில் எழுதவில்லை.

ரீகன் 1865 மே மாதம் ஜோர்ஜியாவில் டேவிஸோடு சேர்த்தே பிடிபட்டார். பொஸ்டன் துறைமுகத்தில் உள்ள வோரன் கோட்டைச் சிறையில் இருந்து தன் டெக்சாஸ் மக்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தோற்றுவிட்டோம், அடிமை முறை முடிந்துவிட்டது, விடுதலையானவர்களுக்கு உரிமை கொடுங்கள், ஒரு அளவுக்கு வாக்குரிமையும் கொடுங்கள் என்று. ஊரே அவரைத் திட்டியது. பிறகு அதே ஊர் அவரைக் காங்கிரசுக்கு அனுப்பியது. அந்தக் கடிதம் அவருடைய பழைய அரசின் பாவத்தைக் கழுவாது, ஆனால் ஒரு தபால் மா அதிபர் எழுதிய கடிதங்களில் நான் அதிகம் மதிப்பது அதைத்தான்.

அவர்களின் தபால் திணைக்களப் பதிவேடுகளில் நிறைய இன்றைக்கும் வாஷிங்டனில் இருக்கின்றன. எங்கள் படுவான்கரை உப தபாலகங்களின் பதிவுத் தபால் பேரேடுகள், நான் எழுதியது போன்ற சாவடித் துண்டுகள் எல்லாம் எங்கே? கால எல்லை முடிந்தது என்று எரித்தது பாதி, 1990இல் இருந்து அடிக்கடி இடம்பெயர்ந்ததில் போனது மீதி. இன்னும் சேவையில் இருக்கிற தம்பி தங்கச்சிமாரிடம் கேட்கிறேன்: அலுமாரிக்குப் பின்னால், கூரைத் தட்டில், பழைய பேரேடு ஏதும் கிடந்தால் கழிவுப் பட்டியலில் சேர்க்க முன்னம் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து வையுங்கள். அதில் பெயர் இருக்கிறவர்களில் பலரின் வீட்டில் வேறு ஒரு எழுத்தும் மிஞ்சவில்லை.