33 நாள் ஒன்று, 6 நாள் ஒன்று: நான் சுமந்த இரண்டு டிஜே ஸ்டென்ட்டுகள்

சிறுநீரகக் கல்லுக்காக எனக்கு இரண்டு முறை அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. முதல் முறை, வலப்பக்கச் சிறுநீர்நாளத்தில் (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் குழாய்) சிக்கியிருந்த 9 மி.மீ. கல்லை, சிறுநீர்ப் பாதை வழியே செலுத்தும் மெல்லிய கருவியான யூரிட்டிரோஸ்கோப் வழியாக லேசரால் உடைத்தார்கள். பதினான்கு மாதம் கழித்து, இடச் சிறுநீரகத்தின் கீழறையில் கிடந்த 8 மி.மீ. கல்லை வளையும் கருவியைச் செலுத்திப் பொடியாக்கினார்கள். உடலில் எங்கும் கத்தி படவில்லை. இரண்டு முறையும் மறுநாளே வீடு திரும்பினேன். அந்தக் கட்டத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. என்னைப் பாடாய்ப் படுத்தியது, அதன் பிறகு உள்ளே விட்டுவைத்த ஸ்டென்ட்தான்: சிறுநீர் தடையின்றி இறங்குவதற்காகச் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைவரை வைக்கும், இரு முனையும் சுருண்ட மெல்லிய குழாய். இனி ஸ்டென்ட் வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் இரண்டு அனுபவங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் முறை என்னிடம் சொல்லப்பட்டது ஒரே வாக்கியம்: "உள்ளே ஒரு சின்ன ட்யூப் வைத்திருக்கிறோம், இரண்டு வாரத்தில் எடுத்துவிடலாம்." அது எத்தனை செ.மீ. நீளம், எந்தப் பொருளால் ஆனது, எப்படி எடுப்பார்கள் என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. வீட்டுக்கு வந்த முதல் இரவில் ஏழு முறை எழுந்தேன். ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் வல விலாவின் பின்புறத்தில் யாரோ கட்டை விரலை அழுத்துவது போன்ற வலி வந்து, கழித்து முடிந்ததும் அடங்கியது. மாடிப்படி ஏறினால் சிறுநீர் இளஞ்சிவப்பாக வரும்; உட்கார்ந்து ஓய்வெடுத்தால் தெளியும். கல் இருந்தபோதுகூட நான் இப்படித் தூக்கம் கெட்டதில்லை. ஏதோ தவறாகிவிட்டது என்று பயந்து போன் செய்தபோது, "ஸ்டென்ட் இருந்தால் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

உண்மையில் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஏன் என்று ஒருவர் சொல்லியிருந்தால் பாதிப் பயம் போயிருக்கும். சிறுநீர்நாளம் சிறுநீர்ப்பையில் நுழையும் இடத்தில், கீழே போன சிறுநீர் மேலே திரும்பாதபடி இயற்கையான தடுப்பு ஒன்று இருக்கிறது. ஸ்டென்ட் அந்த வாசலைத் திறந்தே வைத்திருப்பதால், சிறுநீர்ப்பை சுருங்கும்போது எழும் அழுத்தம் நேராகச் சிறுநீரகம்வரை போகிறது. விலா வலி அதனால்தான். அடிக்கடி போக வேண்டும் என்ற அவசரம் வேறு காரணத்தால் வருவது: ஸ்டென்ட்டின் கீழ்ச்சுருள் சிறுநீர்ப்பையின் அடியில், உணர்ச்சி மிகுந்த முக்கோணப் பகுதியில் உராய்ந்துகொண்டே இருக்கிறது.

பதினான்காம் நாள் காலையில் வெறும் வயிற்றுடன் மருத்துவமனைக்குப் போனேன். முன்பதிவு மேசையில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, "ஸ்டென்ட் எடுப்பவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை" என்றார். டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டினேன். அதில் "மறுபரிசோதனை: ஆலோசனைப்படி" என்று மட்டுமே இருந்தது. ஸ்டென்ட் வைத்த செய்தியே அந்தத் தாளில் இல்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர் விடுப்பில் இருந்தார். "சம்மரியில் இல்லாததை நான் எப்படிப் பதிவு செய்வது? ஆவணப் பிரிவில் திருத்தி வாங்கி வாருங்கள்" என்றார் மேசையில் இருந்தவர். ஆவணப் பிரிவிலோ, மருத்துவர் கையெழுத்து இல்லாமல் திருத்த முடியாது என்றார்கள். என் உடம்புக்குள் இருக்கும் ஒரு பொருளை, அதை வைத்த இடத்திலேயே நான் நிரூபிக்க வேண்டியிருந்தது. அன்று திரும்பி வந்தேன்.

அடுத்த வாரம் மருத்துவர் திரும்பிய பின் போனால், சிறுநீர் கல்ச்சர் முடிவு இல்லாமல் எடுப்பதில்லை என்றார்கள். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் மாதிரியைக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். முடிவு வர மூன்று நாள்; அதில் கிருமித் தொற்று தெரிந்தது; ஆன்டிபயாடிக் ஒரு வாரம். இரண்டு பயணம் வீணாகி, கடைசியில் 33ஆம் நாள் ஸ்டென்ட்டை எடுத்தார்கள். மரத்துப்போகும் ஜெல் தடவி, சிறுநீர்ப்பைக்குள் பார்க்க உதவும் சிஸ்டோஸ்கோப்பை விட்டு, சிறு இடுக்கியால் பிடித்து இழுத்தார்கள். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. காட்டுங்கள் என்று நான் கேட்டதால் காட்டினார்கள். சிறுநீரகத்தில் இருந்த மேல்சுருள் ஏறக்குறையப் புதிதாக இருந்தது. சிறுநீர்ப்பையில் இருந்த கீழ்ச்சுருளின் உள்வளைவில் மட்டும், ஈர மணலை ஒட்டியதுபோல் பழுப்பு நிறத்தில் சொரசொரப்பான படிவு. ஐந்து வாரத்துக்குள் இவ்வளவு. மறந்துபோய் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறவர்களுக்கு இரண்டு முனையிலும் கல்லே கட்டிக்கொண்டு, அதை அகற்றப் பல அறுவைச் சிகிச்சைகள் தேவைப்படுவதும் சிறுநீரகமே பழுதாவதும் உண்டு. சாதாரண ஸ்டென்ட்டுகளை மூன்று மாதத்துக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். எடுக்க வேண்டிய தேதி சம்மரியில் இல்லாமல் போவது எழுத்துப் பிழையோடு நிற்கும் விஷயமில்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான்.

அன்று பணியில் இருந்த இளம் மருத்துவர் ஒருவர், இடையில் எடுத்திருந்த எக்ஸ்ரேயைத் திரையில் காட்டி விளக்கினார். வலப்பக்கத்திலிருந்து இறங்கிய ஸ்டென்ட்டின் கீழ்ச்சுருள் சிறுநீர்ப்பையின் நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கம்வரை போயிருந்தது. "உங்கள் உயரத்துக்கு 26 செ.மீ. கொஞ்சம் அதிகம், 24 போதுமாக இருந்திருக்கும்" என்றார். நடுக்கோட்டைத் தாண்டும் ஸ்டென்ட் கூடுதலாகத் தொல்லை தரும் என்பது சிறுநீரகவியலில் தெரிந்த விஷயமே என்றும் சொன்னார். என் தூக்கத்தைக் கெடுத்ததில் அந்த 2 செ.மீ. நீளத்துக்கும் பங்கு இருந்திருக்கிறது.

அதனால் இடப்பக்கக் கல்லுக்கு நாள் குறித்தபோது, வேறொரு மருத்துவமனையில், கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். முதல் கேள்வி: ஸ்டென்ட் கட்டாயமா? சிறுநீர்நாளத்தில் காயமோ குறுகலோ இல்லாமல், மறு சிறுநீரகம் நன்றாக இருந்து, இன்னொரு அறுவைச் சிகிச்சையும் திட்டத்தில் இல்லையென்றால், சிக்கலில்லாத யூரிட்டிரோஸ்கோப்பிக்குப் பின் ஸ்டென்ட்டைத் தவிர்க்கலாம் என்று 2016ஆம் ஆண்டு அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. மருத்துவர் அதை மறுக்கவில்லை. ஆனால் கீழறைக் கல்லை எட்ட உறைக்குழாய் ஒன்றைச் சிறுநீர்நாளத்துக்குள் செலுத்த வேண்டியிருப்பதால் உட்சுவர் வீங்கும் என்றும், வீக்கத்தால் வழி அடைபட்டால் ஸ்டென்ட் வலியைவிட மோசமான வலி வரும் என்றும் விளக்கினார். காரணம் புரிந்ததால் ஒப்புக்கொண்டேன்.

அடுத்து, எந்த ஸ்டென்ட் என்ற பேச்சு. 1967இல் சிம்ஸ்கைண்ட் என்பவர் நேரான சிலிக்கோன் குழாயைச் சிஸ்டோஸ்கோப் வழியாக வைத்துக் காட்டினார். இரு முனையிலும் பிடிப்பு இல்லாததால் அது நகர்ந்துவிடும். 1978இல் ஃபின்னி இரண்டு முனையையும் ஜே எழுத்துப்போல் எதிரெதிர்த் திசையில் வளைத்த பிறகுதான் அது இடத்தில் நின்றது. டபுள் ஜே, சுருக்கமாக டிஜே என்ற பெயர் அதனால்தான். இன்று நமக்கு வைப்பதும் அடிப்படையில் அந்த வடிவமே. நழுவாமல் காக்கும் அதே சுருள்தான் சிறுநீர்ப்பையைக் குத்தவும் செய்கிறது; பின்னால் வந்த மாற்றங்களில் பல அந்தக் கீழ்முனையைச் சாதுவாக்கும் முயற்சிகள். மேற்பகுதி கெட்டியாகவும் கீழ்ப்பகுதி மென்மையாகவும் உள்ளவை, கீழ்ச்சுருளுக்குப் பதில் மெல்லிய வளையமோ வால்போன்ற இழையோ கொண்டவை என்று இருக்கின்றன. பொருளிலும் வேறுபாடு உண்டு. பாலியூரிதேன் விறைப்பானது, செலுத்த எளிது. சிலிக்கோன் மென்மையானது, படிவும் அதில் குறைவாகவே ஒட்டும். ஆனால் உள்ளே செலுத்த வழிகாட்டும் கம்பியின்மேல் எளிதில் வழுக்கிப் போகாது, சுவரும் தடிப்பாக இருக்க வேண்டியிருப்பதால் உள்துளை சிறுத்துவிடும். சிறு காந்தம் பொருத்தியவையும் உண்டு. காந்தமுனைக் கதீட்டரை உள்ளே விட்டால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், சிஸ்டோஸ்கோப் வேண்டியதில்லை. தானே கரைந்துபோகும் ஸ்டென்ட் இன்னும் எல்லோருக்கும் கிடைக்கும் நிலைக்கு வரவில்லை.

இவற்றில் எல்லாமும் அந்த மருத்துவமனையில் இல்லை. உங்களுக்கும் இரண்டோ மூன்றோதான் வாய்க்கும். எனக்குக் கிடைத்தது மென்மையான சிலிக்கோன் வகை, 6 பிரெஞ்சு, அதாவது 2 மி.மீ. தடிமன், நீளம் 24 செ.மீ.; கீழ்முனையில் வெளியே வரும்படி நூல் கட்டியது. அதை இழுத்தே ஸ்டென்ட்டை எடுத்துவிடலாம் என்பதால் நூலை நான்தான் கேட்டேன். முன்பதிவு மேசையையும் பட்டியலையும் மறுபடி நம்ப எனக்கு மனம் வரவில்லை.

வார்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே டிஸ்சார்ஜ் சம்மரியை வரி வரியாகப் படித்தேன். இங்கேயும் ஸ்டென்ட் பற்றிய வரி இல்லை! தட்டச்சு செய்தவர், "இந்தப் படிவத்தில் அதற்கு இடமே கிடையாது" என்றார். நான் நகரவில்லை. வார்டுப் பொறுப்புச் செவிலியர் வந்து, பக்கம், வகை, நீளம், வைத்த தேதி, எடுக்க வேண்டிய தேதி ஆகியவற்றைக் கையால் எழுதி முத்திரையிட்டு, ஸ்டென்ட் உறையிலிருந்த ஸ்டிக்கரின் ஒரு பிரதியையும் ஒட்டிக் கொடுத்தார். ஐந்து நிமிட வேலை. முதல் முறை இந்த ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் பத்தொன்பது நாள் மிச்சமாகியிருக்கும். ஆகவே, கையில் ஸ்டிக்கர் இல்லாமல் வார்டைவிட்டு இறங்காதீர்கள்.

ஆறு நாளும் தொல்லையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரவில் மூன்று முறை எழுந்தேன். ஏழோடு ஒப்பிட்டால் அது தூக்கம்தான். விலா வலி சிறுநீர் கழிக்கும் முடிவில் மட்டும், மெலிதாக வந்தது. கல்லின் இடமும் கருவியும் இந்த முறை வேறு. முதல் நாளிலிருந்தே, சிறுநீர்ப்பாதைத் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரையும் கொடுத்தார்கள். எனவே நிம்மதி முழுவதையும் சிலிக்கோனின் கணக்கில் எழுத முடியாது. என் அனுபவத்தில் முதலிடம் சரியான நீளத்துக்கும், அதற்குச் சமமாகக் குறைந்த நாள்களுக்கும்தான். பொருளுக்கு அடுத்த இடமே கொடுப்பேன். யூ.எஸ்.எஸ்.கியூ என்ற வினாத்தாள் ஸ்டென்ட் தரும் தொல்லையை அளப்பதற்கென்றே 2003இல் வெளியானது. அதில் வேலையைப் பற்றியும் தனிக் கேள்விகள் இருக்கின்றன. முதல் ஸ்டென்ட்டுடன் நான் இழந்த வேலைநாள்கள் ஒன்பது, இரண்டாவதுடன் இரண்டு.

நூலுக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. அதைத் தோலோடு டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள். உடை மாற்றும்போதும் துடைக்கும்போதும் மாட்டி இழுபட்டால் ஸ்டென்ட் முன்கூட்டியே நழுவி வந்துவிடும். நான் தளர்ந்த உள்ளாடையே அணிந்தேன்; துடைக்காமல் ஒற்றி எடுத்தேன். வீட்டில் நீங்களே எடுக்க மருத்துவர் அனுமதித்திருந்தால், வேலை நாளின் காலை நேரத்தில் மட்டுமே எடுங்கள். மாலையிலோ விடுமுறை நாளிலோ எடுத்து, பிறகு வலி வந்தால் கேட்க ஆள் இருக்காது.

ஆறாம் நாள் காலை, வலி மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, வெதுவெதுப்பான நீரில் டேப்பை நனைத்து உரித்தேன். நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, மூச்சை வெளியே விட்டபடி, நிறுத்தாமல் சீராக இழுத்தேன். முதலில் முடிச்சு, பிறகு நீண்டுபோன கீழ்ச்சுருள், அதன்பின் செ.மீ. கோடுகள் அச்சிட்ட தண்டு, கடைசியில் வெளியே வந்ததும் தானாகச் சுருண்டுகொண்ட மேல்முனை. பத்து விநாடிக்குள் எல்லாம் முடிந்தது. இரண்டு சுருளும் முழுதாக இருப்பதைப் பார்த்து, ஒரு பையில் போட்டு வைத்துக்கொண்டேன். கீழ்ச்சுருளில் விரல் ஓட்டிப் பார்த்தேன். படிவு எதுவும் இல்லை.

இரண்டு மணி நேரம் கழித்து, கல்வலியை அப்படியே ஒத்த வலி ஒன்று இடப்பக்கம் பிடித்துக்கொண்டது. ஸ்டென்ட் போனதும் சிறுநீர்நாளம் இறுக்கிப் பிடித்து வலி வரலாம், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கும், காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் உடனே வாருங்கள் என்று முன்பே சொல்லியிருந்ததால் நான் பதறவில்லை. மதியத்துக்குள் அடங்கிவிட்டது. நான்கு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் இடச் சிறுநீரகத்தில் வீக்கம் இல்லை, கல் துணுக்கும் இல்லை. கையால் எழுதிய வரிக்குக் கீழே, "ஸ்டென்ட் நீக்கப்பட்டது" என்று தேதியுடன் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

முதல் மருத்துவமனையின் சம்மரியில் அந்த வலப்பக்க ஸ்டென்ட் இன்றுவரை வைக்கப்படவும் இல்லை, எடுக்கப்படவும் இல்லை. திருத்தித் தரும்படி எழுத்தில் கேட்டு இரண்டு மாதமாகிறது. பதில் வரவில்லை, மறுபடி எழுதியிருக்கிறேன்.