சுருதி உபயம்: வீட்டு கரண்ட்

ஒலியை நாமே செதுக்கிக்கொள்ளும் கீபோர்டு, பழைய மைக்ரோகார்க் சிந்தசைசர் ஒன்று கைக்கு வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. 2002இல் வந்த மாடல். 37 குட்டிக் கட்டைகள், ஒரே நேரத்தில் நான்கு சுரம்தான் ஒலிக்கும். வாங்கியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. சின்ன வயதில் டிவி கேமில் கேட்ட இசை மாதிரி ஒன்றை நானே போட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் சண்டைக்கான துள்ளல் இசை இல்லை. எல்லாரும் காலி செய்துவிட்டுப் போன ஊரில் ஒருவன் மட்டும் நடக்கிற கட்டத்துக்கானது.

முதல் வாரம் முழுக்க வீண். பேட் என்கிற இழுவை ஒலியை விரித்து, லேப்டாப்பில் ரெவெர்பை (பெரிய மண்டபத்தில் வாசித்த மாதிரி ஒலியைத் ததும்ப விடுவது) அள்ளிக் கொட்டினேன். சோகம் வந்தது, ஆனால் சீரியலில் மருமகள் அழும்போது வருகிற சோகம்.

அப்புறம்தான் அந்தப் பழைய டிவி கேம் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று தேடிப் படித்தேன். 'கேசட்' என்று சொல்லி நாம் ஊதி ஊதிச் செருகியதெல்லாம் பெரும்பாலும் 1983இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாம் என்ற கேம் பெட்டியின் நகல்களில்தான். அதன் சிப்பில் மெட்டுக்கு இரண்டு பல்ஸ் (கூரான சதுர அலை), பேஸுக்கு, அதாவது அடிக்குரலுக்கு, ஒரு ட்ரையாங்கிள் (மென்மையான முக்கோண அலை), தாளத்துக்கு ஒரு நாய்ஸ் (வெறும் இரைச்சல்). (பதிவு செய்த ஒலித்துண்டுகளுக்கு ஐந்தாவது ஒன்றும் உண்டு, அதை நான் தொடவில்லை.) பல்ஸின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க 16 படிகள் இருக்கின்றன. ட்ரையாங்கிளுக்கு அதுவும் கிடையாது. ஒலிக்கும், இல்லையென்றால் நிற்கும். ரெவெர்ப் என்ற பேச்சே இல்லை.

சரி, நமக்கும் அதே சட்டம் என்று முடிவு செய்தேன். நான்கு ட்ராக், ஒவ்வொன்றிலும் ஒரு நேரத்தில் ஒரு சுரம், ரெவெர்புக்குத் தடா.

ரெவெர்ப் இல்லாத பல்ஸ் ஒலி முகத்தில் அறைகிற மாதிரி இருக்கும். அதற்கு அந்தக் காலத்து கேம் இசைக்காரர்கள் செய்த தந்திரம் ஒன்று உண்டு: முதல் பல்ஸ் வாசிப்பதையே இரண்டாவது பல்ஸ் கொஞ்சம் தாமதமாக, மெலிதாகத் திரும்ப வாசிக்கும். நிமிடத்துக்கு 75 பீட் வைத்து, முக்கால் பீட் பின்னால் தள்ளினேன், அதாவது 0.6 விநாடி. மெட்டுக்கு 25 சதவீத அகலம், அதாவது ஒவ்வொரு அலையிலும் பல்ஸ் மேலே நிற்கிற பங்கு. எதிரொலிக்கு இன்னும் ஒடுக்கி 12.5 பக்கம், மூக்கால் பேசுகிற மாதிரி. இந்தக் கருவியில் சதவீதம் போட்டிருக்காது, குமிழைத் திருகிக் காதால்தான் பிடிக்க வேண்டும். ஒரு மாலை முழுக்க இதற்கே போனது. ஆனால் முதல் தடவை அந்த எதிரொலி சரியாக விழுந்தபோது, கூப்பிட்டவனுக்கு அவன் குரலே பதிலாக வருகிற மாதிரி இருந்தது. முதல் வாரம் ரெவெர்பில் தேடியது இதைத்தான்.

இதில் ஒரு நஷ்டம். இரண்டாவது பல்ஸை எதிரொலிக்குக் கொடுத்துவிட்டால் கார்டுக்கு, அதாவது சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்க, ஆள் இல்லை. கார்டின் சுரங்களைப் படபடவென்று மாற்றி ஆர்பெஜியோவாக வாசிக்கலாம். சிப்பில் விநாடிக்கு 60 தடவை வரை மாற்றுவார்கள். செய்து பார்த்தேன். சோகத்துக்கு அது ஆகாது. துக்க வீட்டில் ரிங்டோன் அடித்த மாதிரி.

ராகம் சிவரஞ்சனி. முதலில் முகாரியைத் தொட்டேன். கமகம் (சுரத்தை அசைத்து இழுப்பது) இல்லாத முகாரி வெறும் ஸ்கேலாக நிற்கிறது. சிவரஞ்சனியில் ஐந்தே சுரம், நேராக வாசித்தாலும் முகம் தெரிகிறது. மெட்டு ச, க, ப என்று சுற்றிக்கொண்டிருக்கும்போது பேஸை மட்டும் சட்ஜத்திலிருந்து கீழ்த் தைவதத்துக்கு இறக்கினால் போதும், தனியாகக் கார்டே வேண்டாம். மேலே எதுவும் மாறவில்லை, ஆனால் காலடியில் தரை சரிகிறது.

நடுவில் ஒரு தொல்லை. ரெக்கார்டு செய்தால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். கேபிள்தான் கெட்டது என்று பெரம்பூரிலிருந்து ரிச்சி தெருவுக்குப் போய்ப் புதுசு வாங்கினேன். கடைக்காரர் பழையதை மீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு, "கேபிள் நல்லாத்தான் சார் இருக்கு, எர்த்தைப் பாருங்க" என்றார். அப்படியும் வாங்கினேன். இரைச்சல் போகவில்லை.

நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். கீபோர்டில் கீழே இருக்கிற ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். கிட்டத்தட்ட ஒரே சுரம். 6 கட்டையில் போட்டிருந்த மெட்டை 5 கட்டைக்கு, அதாவது ஜிக்கு, இறக்கி, கருவியின் அடிப்படைச் சுருதியை 440 ஹெர்ட்ஸிலிருந்து 449 ஆக்கியதும் இரைச்சல் அப்படியே தம்புராவாக உட்கார்ந்துவிட்டது! இரண்டு நாள் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் இரவு கரண்ட் போனது. சிந்த்தில் ஆறு பென்சில் பேட்டரி போட்டு, லேப்டாப்பின் பேட்டரியிலேயே தொடர்ந்தேன். இரைச்சல் இல்லை. கரண்ட் வந்து, சிந்த்தைப் பேட்டரியிலேயே விட்டு லேப்டாப்பை மட்டும் செருகிய பிறகும் இல்லை. இரண்டையும் கரண்டில் மாட்டியிருந்ததால் எர்த்தும் கேபிளும் சேர்ந்து ஒரு வளையம் ஆனதுதான் வினை. இதற்கா கேபிள் வாங்கினேன்?

இரைச்சல் போன பிறகு பாட்டு மொட்டையாகக் கேட்டது. அதனால் ட்ரையாங்கிளைச் சட்ஜத்தில் முன்பைவிட நீளமாக நிற்க விட்டேன். சுருதி 5 கட்டையிலேயே இருக்கிறது. 449ஐத் திருப்பி வைக்க மறந்தது, அம்மா தன் சுருதிப் பெட்டியைப் போட்டபோதுதான் தெரிந்தது.

"என் சுருதிதானேடா, ஏன் இப்படி ஏறி நிக்குது?" என்றார். அதைச் சரிசெய்ததும் உட்கார்ந்து கேட்டார். "சிவரஞ்சனிதான். ஆனா காந்தாரத்தைக் கொஞ்சம்கூட அசைக்கலியே."

சுரத்தை வளைக்கிற பிட்ச் வீலில் அசைத்தேன். அளவு தெரியாமல் போனால் கோயில் திருவிழாக் கச்சேரி கீபோர்டு ஆகிவிடுகிறது. இப்போது 16 பாருக்கு (நான்கு பீட் ஒரு பார்) இரண்டே இடத்தில் மட்டும், ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு ஒரு சின்ன இழுப்பு.

மொத்தம் 51 விநாடி, திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். சட்ஜத்தில் முடித்தால் கதவைச் சாத்திய மாதிரி ஆகிறது. அதனால் ரிஷபத்தில் நிறுத்தி, அடுத்த சுற்றைக் காந்தாரத்தில் தொடங்குகிறேன். ஒட்டுமிடத்தில் ஒரு 'டிக்' இன்னும் கேட்கிறது.

நேற்று நாய்ஸ். தாளம் வேண்டாம், தூரத்து மழை மாதிரி வரட்டும் என்று பத்து மணி வரை குடைந்தேன். ஒரு கட்டத்தில் அசல் மழையாகவே கேட்டது. அவசரமாக ஃபைலைச் சேமித்துவிட்டுப் பார்த்தால் அந்த ட்ராக் மியூட்டில் இருக்கிறது. நான் கேட்டுக்கொண்டிருந்தது தலைக்கு மேல் ஓடிய ஃபேன்.