எதிர்வீட்டு அம்மாவின் தசமபாகம்

யூட்டாவுக்கு வேலை மாறிப் போகிறேன் என்றதும் நியூ ஜெர்சி நண்பர்கள் கேட்டது ஒன்றுதான்: "அங்க ஆளுக்கு நாலு பொண்டாட்டியாமே?" அங்கே வேரூன்றிய கிறிஸ்தவப் பிரிவான மார்மன் சபையைப் பற்றிய பேச்சு அது. அந்தச் சபை பலதார மணத்தை 1890லேயே கைவிட்டுவிட்டது. இங்கே வந்தபின் எனக்குப் புரியாமல் போனது பணக்கணக்குதான்.

ஆட்கள் தங்கமானவர்கள். வீட்டுச் சாமான் வந்து இறங்கிய அன்றே வார்டு ஆட்கள் நாலு பேர் வந்து சோபாவை மாடிக்கு ஏற்றித் தந்தார்கள். வார்டு என்பது அக்கம்பக்கத் தெருக்களைச் சேர்த்த சபைக்கிளை. அதை நடத்தும் பிஷப்புக்குச் சம்பளம் இல்லை. எங்கள் பகுதி பிஷப் ஒரு பல் டாக்டர். காபி, டீ, மது, புகையிலை நான்கும் அவர்களுக்கு விலக்கு. ஆனால் கோலாவில் தேங்காய் சிரப்பும் கிரீமும் கலந்து வாளி மாதிரிக் குவளையில் குடிப்பார்கள். அதிலுள்ள கஃபீன் கணக்கில் வராதாம்!

எதிர்வீட்டு அம்மா ஒருநாள் நிலவறையைத் திறந்து காட்டினார். கோதுமை, பீன்ஸ், பால்பவுடர் எல்லாம் தேதி எழுதிய டின்களில், கூரை வரை. கஷ்டகாலத்துக்கு வேண்டும் என்பது சபையின் போதனை. வருமானத்தில் பத்தில் ஒன்றைத் தசமபாகமாகத் தந்துவிடுகிறார். வருடக் கடைசியில் பிஷப் முன் உட்கார்ந்து முழுசாகத் தந்தேன் என்று சொல்லவும் வேண்டும். தராதவருக்கு ஆலய அனுமதிச் சீட்டு கிடையாது. சீட்டு இல்லாவிட்டால் உள்ளே நடக்கும் பெற்ற பிள்ளையின் கல்யாணத்தையே பார்க்க முடியாது. வெளியே எல்லோரும் பார்க்கக் கல்யாணம் செய்துகொண்டால் ஆலயச் சடங்குக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்ற விதியை 2019ல்தான் எடுத்தார்கள்.

அதே 2019ல்தான் சபையின் முதலீட்டு நிறுவனமான என்சைன் பீக்கில் வேலை பார்த்த ஒருவர் வரித்துறையிடம் போனார். சுமார் 10,000 கோடி டாலர் சேர்ந்திருக்கிறது, தர்மத்துக்குச் செலவாகவில்லை என்பது புகார். 2023ல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம், பங்குகள் யாருடையவை என்று தெரியாதபடி 13 பெயரளவு நிறுவனங்களின் பேரில் கணக்குக் காட்டியதற்காக சபைக்கு 10 லட்சம், என்சைன் பீக்குக்கு 40 லட்சம் டாலர் அபராதம் போட்டது. சபை வருத்தம் தெரிவித்து, விஷயம் முடிந்தது என்றது. ஏன் மறைத்தார்கள்? தொகை தெரிந்தால் மக்கள் காணிக்கை தர வேண்டாம் என்று நினைத்துவிடக்கூடும் என்ற ரீதியில் அந்த நிறுவனத்தின் தலைவரே 2020ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலிடம் பேசியிருக்கிறார். எனக்கு இதுதான் உறுத்துகிறது. சேர்த்தது தப்பில்லை. கொடுத்தவரிடமே மறைப்பானேன்?

ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர், பிரேசிலில் இரண்டு வருடம் ஊழியம் செய்துவிட்டுப் பின்னால் சபையை விட்டவர். அவரை விலக வைத்தது பணமில்லை, பாப்பிரஸ் என்ற பழைய எகிப்திய நாணல் தாள். சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1835ல் கிடைத்த எகிப்தியச் சுருள்களைப் படித்து, ஆபிரகாம் எழுதியது என்று ஒரு வேதநூலே தந்தார். அச்சுருள்களின் துண்டுகள் 1967ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்திலிருந்து சபைக்குத் திரும்பின. பார்த்த எகிப்தியவியல் அறிஞர்கள், செத்தவரோடு வைக்கும் சாதாரணச் சடங்கு ஏடு என்றார்கள். கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்தலபுராணங்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த உரிமை கொஞ்சம் குறைவு. கறுப்பின ஆண்களுக்கு 1978 வரை குருத்துவம் மறுத்ததைச் சொல்லும்போதுதான் அவர் குரல் மாறும்.

எதிர்வீட்டு அம்மாவிடம் அபராதச் செய்தியைப் பற்றிக் கேட்டேன். "நான் ஆண்டவருக்குக் கொடுக்கிறேன், கணக்கு அவர் பார்த்துக்கொள்வார்" என்றார். 1959க்குப் பிறகு சபை அமெரிக்காவில் விரிவான வரவு செலவை வெளியிடுவதில்லை. பிரிட்டனிலும் கனடாவிலும் சட்டம் விடாததால் அங்கே காட்டுகிறார்கள். திருப்பதி உண்டியல் வசூல் தினமும் செய்தியில் வரும் என்று மேஜைக்காரரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை, போனில் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது.